எல்.கே.ஜி. வகுப்பில் புளியங்கொட்டையும் தண்ணீர்த் தொட்டியும்: பிள்ளைகள் கற்கிறார்களா, விளையாடிவிட்டுப் போகிறார்களா?

கரூர்க்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மழலையர் கல்வி டிப்ளமோ படிக்கிறேன். இப்போது கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பில் போட்டிருக்கிறார்கள். 28 பிள்ளைகள், ஒரு மிஸ், ஒரு ஆயா, அப்புறம் நான்.

கோர்ஸில் ஆரம்பத்திலிருந்தே சொல்வது ஒன்றுதான்: இந்த வயதில் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும், வெறும் வாய்ப்பாடம் தங்காது. அதை நம்பித்தான் பாடக்குறிப்பு எழுதி, வீட்டில் புளி தட்டும்போது சேர்த்து வைத்த கொட்டையை எல்லாம் கழுவிக் காயவைத்து எடுத்துப்போய் எண்ண வைக்கிறேன். இந்தப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஐம்பது வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் முன்னால் ஐந்து கொட்டையை வைத்து எண்ணச் சொன்னால் விரல் ஒரு பக்கம் போகிறது, வாய் ஒரு பக்கம் போகிறது, ஏழு என்று வந்து நிற்கிறது. சரியாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. "எனக்கு மூணு குடு" என்றால் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுக்கிறது. ஒரு பையனுக்கு அதே ஐந்து கொட்டையைக் கொஞ்சம் பரப்பி வைத்தேன், இப்போ நிறைய ஆயிடுச்சு மிஸ் என்கிறான்.

இலை பிரிக்கும் வேலை மட்டும் நன்றாகப் போனது. வேம்பு, புங்கம், பாதாம், கறிவேப்பிலை கொடுத்து ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து வையுங்கள் என்றேன். ஒரு பெண் கிழிந்ததை ஒரு பக்கமும் கிழியாததை ஒரு பக்கமும் வைத்தாள். என் பாடக்குறிப்பில் அப்படி ஒரு விடையே கிடையாது, ஆனால் அவள் பிரித்தது சரிதானே?

மிதப்பது மூழ்குவது செய்ய டப்பில் தண்ணீர் வைத்த அன்று வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. தரையெல்லாம் தண்ணீர், யூனிஃபார்ம் நனைந்தது, மறுநாள் டைரியில் ஒரு அம்மா எழுதி அனுப்பிவிட்டார். வகுப்பு மிஸ் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "இதெல்லாம் டெமோ கிளாஸுக்கு நல்லாயிருக்கும்மா, போர்ஷன் யார் முடிக்கிறது? நாலு வரி நோட்டில் என்ன காட்டுறது?" என்கிறார்.

நான் கேட்பது இதுதான். பொருளை வைத்து வேலை செய்யும்போது ஒரு பிள்ளை உண்மையிலேயே எதையாவது பிடித்துக்கொண்டதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? 28 பேரை வைத்துக்கொண்டு இதை எப்படி நடத்துகிறீர்கள்? நோட்டில் ஒன்றும் இல்லாத நாளில் பெற்றோருக்கும் மிஸ்ஸுக்கும் என்ன சொல்கிறீர்கள்? வகுப்பில் நின்றவர்கள் சொன்னால் நல்லது.


பால்வாடி_டீச்சர் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் பிரச்சினை என்று எழுதியிருக்கிற பாதி விஷயம்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை. ஐம்பது வரை ஒப்பிக்கிற பிள்ளைக்கு ஐந்து வரை எண்ணத் தெரியவில்லை என்று நோட்டில் எழுத வைத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்குமா? கொட்டை காட்டிக்கொடுத்துவிட்டது.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. தொடங்கினார்கள் இல்லையா, அப்படி ஒரு மையத்தில் வேலை பார்த்தவள் நான். எண்ணுவதில் மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது. எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒன்று, அது பாட்டு மாதிரி வந்துவிடும். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று விரலும் வாயும் சேர்ந்து போவது இன்னொன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது மூன்றாவது. இந்த மூன்றாவது வராத பிள்ளைதான் "எத்தனை?" என்றதும் திரும்ப எண்ணும். அதற்கு அந்தக் கேள்வி "இன்னொரு தடவை எண்ணு" என்றுதான் காதில் விழுகிறது. அதனால் நீங்கள் கேட்ட "எனக்கு மூணு குடு" இருக்கிறதே, அதுதான் நல்ல சோதனை. மூன்று எடுத்து நிறுத்தத் தெரிந்த பிள்ளைக்கு மூன்று வந்துவிட்டது, எழுதத் தெரியாவிட்டாலும் வந்துவிட்டது.

செய்ய வேண்டியது, முதலில் கையளவு கொட்டையைக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். முட்டை அட்டையை வெட்டி ஐந்து குழி வருகிற மாதிரி கொடுங்கள், ஒரு குழிக்கு ஒன்று போட்டால் விரல் தானாக நின்று நின்று போகும். பல்லாங்குழிப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது இந்தப் பயிற்சியேதான், ஏழேழு பதினான்கு குழி இருப்பதால் நாலு பேர் சுற்றி உட்காரலாம். எண்ணி முடித்ததும் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு, மொத்தம் மூணு" என்று நீங்கள் சொல்லுங்கள். கேள்வி கேட்காமல் சொல்லிக்கொண்டே இருங்கள், ஒருநாள் பிள்ளை உங்களுக்கு முன்னால் சொல்லும்.

பரப்பி வைத்தால் நிறைய ஆகிவிட்டது என்று சொன்ன பையனை விட்டுவிடுங்கள். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பிள்ளைகளுக்கு முன்னால் இதே மாதிரி வரிசையை நீட்டி வைத்துக் கேட்டவர், ஆறு ஏழு வயது வரைக்கும் பல பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் சொல்லித்தருதலில் குறை இல்லை, திருத்தவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. புளியங்கொட்டை, மணி, பட்டாணி எல்லாம் மூக்கிலும் காதிலும் போகிற சாமான். எல்.கே.ஜி.யில் வயது குறைந்த பிள்ளை ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள் (அதுவும் எண்ணும் பயிற்சிதான், பிள்ளையையே எண்ண விடுங்கள்). பயமாக இருந்தால் இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்த மூக்கிலும் போகாது.

இலை விஷயத்தில் அந்தப் பெண் செய்தது முழுக்கச் சரி. "நீ எப்படிப் பிரிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேட்டீர்களா? அவள் சொல்கிற அந்த ஒரு வாக்கியம்தான் பாடம்.


அடுக்கு டப்பா எழுதியது:

மான்டிசோரி முறையில் (பிள்ளை தானே பொருளை எடுத்து வேலை செய்து கற்பது) பயிற்சி முடித்து சென்னையில் ஒரு சின்ன இடத்தில் வேலை பார்க்கிறேன். மேலே அக்கா எண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் சந்தைக்கடை பற்றி மட்டும் சொல்கிறேன்.

28 பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சாமானைக் கொடுத்தால் எந்த வகுப்பும் சந்தைக்கடைதான். மான்டிசோரி அறையில் ஒரு பொருள் ஒரே ஒரு செட்தான் இருக்கும், வேண்டுமென்றே. ஒருத்தி எடுத்திருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும் அல்லது வேறு எடுக்க வேண்டும். பாயை விரிப்பது, பொருளைத் தட்டோடு எடுத்துவருவது, முடித்ததும் அதே அலமாரியில் வைத்துப் பாயைச் சுருட்டுவது, இவ்வளவும் வேலையில் சேர்த்தி. உங்களிடம் அலமாரி இல்லை, பெஞ்சு டெஸ்க்தான் இருக்கும் என்று தெரியும். நாலு குழுவாகப் பிரியுங்கள், ஏழேழு பேர். ஒரு குழுவுக்குத்தான் தண்ணீர், அதில் ஆயாவை உட்கார வையுங்கள். இன்னொரு குழு உங்களோடு எண்ணட்டும். மற்ற இரண்டு குழுவுக்கும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த, யாரையும் கூப்பிடத் தேவையில்லாத வேலையைக் கொடுங்கள், காகிதம் கிழித்து ஒட்டுவது, துணி கிளிப் மாட்டுவது மாதிரி. புது வேலை ஒரு நேரத்தில் ஒன்றுதான். நாலு புது வேலையை ஒரே நாளில் இறக்கினால் நாலு பக்கமும் "மிஸ் மிஸ்" என்று கூப்பிடுவார்கள்.

அப்புறம், செய்து காட்டும்போது பேசாதீர்கள். இது கேட்க வித்தியாசமாக இருக்கும். தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக் காட்டுகிறீர்கள் என்றால் மெதுவாக, வாயைத் திறக்காமல் காட்டுங்கள். சின்னப் பிள்ளையால் உங்கள் வாயையும் கையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து, சிந்தியதை ஸ்பாஞ்சால் துடைத்துக் காட்டினால் அவர்களும் துடைப்பார்கள், சொல்லப்போனால் ஊற்றுவதைவிடத் துடைப்பதில்தான் அவர்களுக்கு ஆசை அதிகம். இதைச் செய்துவிட்டால் டைரியில் அந்த அம்மா எழுத வேலை இருக்காது. டப்பிலும் நாலு விரல் உயரத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

கற்றதா இல்லையா என்று கேட்டீர்களே, அதற்குச் சில பொருட்கள் தாமே பதில் சொல்லும். உருளைக் கட்டை என்று ஒன்று உண்டு, பத்துக் குழி, பத்து உருளை. ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. மிஸ் தப்பு என்று சொல்லவே வேண்டாம், பிள்ளையே முழித்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டு மறுபடி ஆரம்பிக்கும். விலை ஆயிரக்கணக்கில் போகும், வாங்கச் சொல்லவில்லை. நம் வீட்டு அடுக்கு டப்பா செய்வதும் அதையேதான், பெரியதற்குள் சின்னது, ஒன்று தவறினால் மூடி மூடாது. என் பெயரே அதிலிருந்து வந்ததுதான் 🙂

இன்னொன்று, இது ஏதோ வெளிநாட்டுப் பணக்காரப் பள்ளி வித்தை என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். மரியா மான்டிசோரி 1907-ல் ரோமில் முதல் பள்ளியைத் திறந்தது கூலிவேலைக்காரர்கள் குடியிருந்த சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில். 1939-ல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், உலகப்போர் வந்து திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கியிருந்து 1946 வரை இங்கேதான் இருந்தார். நம் ஊர் ஆசிரியைகள் அவரிடமே படித்திருக்கிறார்கள்.


ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

டீச்சர்கள் பேசுகிற இடத்தில் ஒரு அப்பா நுழைவதற்கு மன்னிக்கவும். ஃபீஸ் கட்டுகிறவன் பக்கத்தையும் கேளுங்கள்.

என் பெரியவள் இப்படி "ஆக்டிவிட்டி" பள்ளியில்தான் படித்தாள். தினமும் சாயங்காலம் "இன்னைக்கு என்னம்மா பண்ணீங்க?" என்றால் "விளையாண்டோம்" என்பாள். யூ.கே.ஜி. முடிந்து ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாற்றினோம், அங்கே போன முதல் வாரமே டிக்டேஷன். குழந்தை அழுதது. அப்போது ஆக்டிவிட்டி பள்ளிக்காரர் யாரும் வந்து நிற்கவில்லை, நானும் அவள் அம்மாவும்தான் ராத்திரி உட்கார்ந்து எழுத வைத்தோம். அதனால் சின்னவனை நோட்டு எழுதவைக்கிற பள்ளியில் போட்டிருக்கிறோம்.

நான் இதற்கு எதிரி இல்லை. புளியங்கொட்டை எங்கள் வீட்டிலும் கொட்டிக்கிடக்கிறது, அதை எண்ணுவதற்கு எதற்கு ஃபீஸ் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. சுவரில் கலர் கலராக சார்ட் ஒட்டி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அந்த போட்டோவில் என் பெண் சும்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரே மாதிரி ஆப்பிள், அதை மிஸ்ஸோ ஆயாவோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது.


விரல்நுனி எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்டது நியாயம், அந்த ஆப்பிள் விஷயமும் நியாயம். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது மாதிரி அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்குகிற சிகிச்சையாளர். "எழுத மாட்டேங்கிறான், கை வலிக்குதுங்கிறான்" என்று கூட்டிவரும் பிள்ளைகள்தான் எனக்கு அதிகம் வருகிறவர்கள், எழுத வைத்த பள்ளியிலிருந்தும் வருகிறார்கள்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும், எல்.கே.ஜி. வயதில் எக்ஸ்ரே எடுத்தால் எட்டும் தெரியாது. மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து விரலை மட்டும் அசைத்து எழுதுகிற பிடி பொதுவாக நாலிலிருந்து ஆறு வயதுக்குள் மெல்ல அமைவது. அதற்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் பிள்ளை எழுதத்தான் செய்யும், ஆனால் தோளிலிருந்து அழுத்தி, பென்சிலைக் கைப்பிடியில் பிடித்து, அந்தப் பிடியே பழகிவிடும். பழகிய பிடியை ஏழு வயதில் மாற்றுவது எவ்வளவு பாடு என்று என்னைக் கேளுங்கள்.

நம் ஊரில் எல்.கே.ஜி. என்றால் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லாண்டிங் லைன் என்று நோட்டிலேயே தொடங்குவார்கள். அந்தக் கோடு தப்பில்லை, அது போடுகிற இடம்தான் சின்னது. நின்றுகொண்டு சுவரில் சாக்பீஸால், தரையில் ஈர பிரஷ்ஷால், ரவைத் தட்டில் விரலால் போட்டால் அதே கோடுதான், தோள் முதலில் பழகி முழங்கை பழகி விரலுக்கு வரும். பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, துணி கிளிப் அழுத்துவது, பெரிய ஊசிமணி கோர்ப்பது, காகிதம் கிழிப்பது, ஸ்பாஞ்ச் பிழிவது, இவை எல்லாமே எழுதுகிற கைக்கான வேலை. கிழிப்பதைப் பலர் மதிப்பதில்லை, இரண்டு கையும் எதிரெதிர்ப் பக்கம் போக வேண்டுமே, அதில்தான் பாதிப் பிள்ளைகள் திணறும்.

தமிழ் எழுத்திலும் இதே கணக்குதான். அ-வில் தொடங்கினால் சுழியும் வளைவும், மூன்றரை வயதுக் கைக்கு அது மலை. ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோடாக இருக்கிற எழுத்தில் தொடங்கினால் கை உடனே போடும், மூன்றை வைத்தே படம், பட்டம் என்று வாசிக்கவும் ஆரம்பிக்கலாம்.

உங்கள் பெரியவளுக்கு நடந்தது என்னவென்றால் அந்தப் பள்ளியில் கையைத் தயார்செய்யும் வேலையும் நடக்கவில்லை, எழுதவும் வைக்கவில்லை. மிஸ் வெட்டி ஒட்டிய ஆப்பிளால் மிஸ்ஸின் கைதான் பழகியிருக்கும்.


கீழ்க்கரும்பலகை எழுதியது:

நான் அரசுப் பள்ளி ஆசிரியன், செயல்வழிக் கற்றல் (ஏ.பி.எல்.) காலத்து ஆள். கொஞ்சம் கசப்பாகவும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் தமிழ்நாடு முழுக்க ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை வந்தது ஏ.பி.எல். ஆந்திராவின் ரிஷி வேலியில் கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவான முறைதான் அதற்கு முன்மாதிரி. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் போட்டோம், சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தோம், ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, பாட அட்டைகள், ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம். நல்ல விஷயம் நிறைய இருந்தது, பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்து நடுங்குவது போனது. ஆனால் வருடம் போகப்போக என்ன ஆனது? அட்டையே பாடம் ஆகிவிட்டது. பிள்ளை அட்டை எடுக்கும், முடிக்கும், வைக்கும், அடுத்த அட்டை எடுக்கும். கையில் பொருள் இருந்தது, நடுவில் பேச்சு இல்லை. நாங்களும் அடைவு அட்டவணையில் டிக் போடுவதில் இருந்தோம், ஆய்வுக்கு வருகிறவர் அதைத்தானே பார்ப்பார்.

அதனால் கரூர்க்காரிக்கு நான் சொல்வது, கையில் பொருள் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் நின்றுவிடாதீர்கள் அம்மா. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன கேட்டீர்கள், அது என்ன சொன்னது, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. 28 பேரிடமும் தினமும் பேச முடியாது, ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் எல்லாரையும் சுற்றி வந்துவிடலாம். 2022-லிருந்து ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் செய்கிறோம், அதிலும் இதே கதைதான், உட்கார்ந்து பேசுகிற ஆசிரியர் வகுப்பில் நடக்கிறது, பதிவேற்றம் மட்டும் செய்கிற வகுப்பில் நடப்பதில்லை.

உங்கள் மிஸ்ஸோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவருக்கு மேலே ஒரு ஹெச்.எம்., அதற்கு மேலே தாளாளர், அதற்கும் மேலே இங்கே எழுதிய அப்பா மாதிரி பெற்றோர். அவருடைய போர்ஷனையே எடுங்கள். இந்த வாரம் அவர் நோட்டில் ஆங்கில பி எழுத்து என்றால் உப்புத்தாளில் பி வெட்டி ஒட்டி விரலால் தடவ விடுங்கள், ரவைத் தட்டில் போட விடுங்கள், பிறகு கடைசியில் நோட்டில் ஒரு வரி, ஒரே வரி. பக்கம் முழுக்க எழுதவேண்டாம் என்று அவரிடம் சொல்லத் தேவையில்லை, அந்த ஒரு வரி மற்ற வகுப்பின் பக்கத்தைவிட நன்றாக இருந்தால் அவரே பார்த்துக்கொள்வார். பயிற்சிக்கு வந்தவர் போன பிறகும் அந்த வகுப்பு அவருடையது, அது நினைவில் இருக்கட்டும்.


உட்லண்ட்ஸ் எழுதியது:

சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் தமிழாசிரியை. எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, எழுத வைக்கச் சொல்லி யாரும் நெருக்குவதில்லை, ஆனால் என் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுமொழி ஆங்கிலம். சும்மா உட்கார்ந்து பேசு என்றால் ஒரு வார்த்தை தமிழ் வராது. கொழுக்கட்டை மாவைக் கையில் கொடுத்தால் "மிஸ் ஒட்டுது", "சூடா இருக்கு", "எனக்கு இன்னும் வேணும்", "அவன் எடுத்துட்டான்" என்று கொட்டும். பொருள் இருந்தால் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பா கேட்டதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். போட்டோ எடுத்தால் முகத்தை எடுப்பதில்லை, கையை எடுப்பேன். அதன் கீழே பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே, திருத்தாமல் எழுதுவேன். அதற்குக் கீழே என் குறிப்பு ஒரே வரி: "கனமானதுதான் மூழ்கும் என்று நினைக்கிறாள், அடுத்து பூசணிக்காயைப் போட்டுப் பார்க்கப் போகிறோம்." பூசணி மிதக்கும், சின்ன ஆணி மூழ்கும், வீட்டுக்குப் போயும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். மாதத்தில் ஒரு பிள்ளைக்கு ஒன்று அனுப்பினாலே போதும், முப்பது போட்டோ வேண்டாம்.


கரூர்க்காரி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி.

குழுவாகப் பிரித்தது வேலை செய்கிறது. முதல் நாள் கிளிப் குழு எழுந்து தண்ணீர்ப் பக்கம் ஓடியது, அடுத்தடுத்து எல்லாருக்கும் முறை வரும் என்று புரிந்ததும் அடங்கிவிட்டார்கள். துடைப்பதில்தான் ஆசை என்று சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, ஸ்பாஞ்சுக்குத்தான் இப்போது சண்டை. முட்டை அட்டையும் செய்தேன். "மொத்தம் மூணு" என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேர் கூடவே சொல்கிறார்கள், அது புரிந்து சொல்வதா நான் சொல்வதைத் திருப்பிச் சொல்வதா என்று இன்னும் பிடிபடவில்லை, பார்க்கிறேன். இலைப் பெண்ணிடம் கேட்டேன். கிழிந்ததெல்லாம் ஆட்டுக்கு, நல்லதெல்லாம் மிஸ்ஸுக்கு என்றாள்.

உப்புத்தாள் யோசனையை மிஸ்ஸிடம் சொன்னேன். "செஞ்சு கொண்டு வாம்மா பார்க்கலாம்" என்றார், அவ்வளவுதான், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா அவர்களே, வெட்டி ஒட்டிய ஆப்பிள் எங்கள் கோர்ஸிலும் உண்டு, துணைக்கருவிப் பதிவேட்டுக்கு நான்கூட அழகழகாகச் செய்து வைத்திருக்கிறேன், பிள்ளைகள் அதைத் தொட முடியாது, மார்க் போடுகிறவர் மட்டும்தான் தொடுவார்.

அடுத்து களிமண் செய்யலாம் என்று இருக்கிறேன். ஆயாதான் முகத்தைச் சுளிக்கிறார், கையைக் கழுவிவிடுவது அவர்தானே. குளத்து மண் எடுக்கலாமா, கடையில் விற்கிற கலர் மாவு வாங்கலாமா? பட்ஜெட் என் கைக்காசுதான்.


ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். சின்னவன் பென்சிலை எப்படிப் பிடிக்கிறான் என்று நேற்று ராத்திரி பார்த்தேன். முழுக் கையால்தான் பிடிக்கிறான். விரல்நுனி மேடம், பட்டாணி சீசன் இல்லாதபோது என்ன கொடுக்கலாம்?


விரல்நுனி எழுதியது:

பூண்டு உரிக்கக் கொடுங்கள் அண்ணா, கண்ணில் கை வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பென்சிலுக்குப் பதில் உடைந்த குட்டி கிரேயான் அல்லது சின்ன சாக்பீஸ் துண்டு, அரை விரல் நீளம். அதை முழுக் கையால் பிடிக்கவே முடியாது, விரல் தானாக வந்துவிடும்.


பால்வாடி_டீச்சர் எழுதியது:

கரூர்க்காரி, குளத்து மண் நல்லதுதான், ஆனால் கண்ணாடிச் சில்லும் முள்ளும் இருக்கும், சலித்து ஊறவைத்துப் பிசைய வேண்டும், பயிற்சி நேரத்தில் உங்களால் முடியாது. குயவர் யாராவது பக்கத்தில் இருந்தால் பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மைதா மாவில் செய்துவிடலாம். இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், வெந்நீர் ஒரு கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். ஒட்டினால் இன்னும் ஒரு பிடி மாவு. கலருக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு. மஞ்சள் யூனிஃபார்மில் பட்டால் போகாது, அதனால் முதல் தடவை பீட்ரூட்டே போதும்.

உப்பு அதிகம் என்பதால் வாயில் வைத்ததும் துப்பிவிடுவார்கள், விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று மிஸ்ஸிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், இருந்தால் அரிசி மாவில் செய்யலாம், கொஞ்சம் உதிரும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடினால் ஒரு வாரம் தாங்கும், வெளியே வைத்தால் எறும்பு வரும்.

ஆயாவுக்கு, ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய துண்டும் வகுப்புக்குள்ளேயே வைத்து, பிள்ளைகளையே முதலில் மாவைத் தேய்த்து உதிர்த்துவிட்டுப் பிறகு கையை முக்கச் சொல்லுங்கள். கையில் மாவோடு குழாய்க்குப் போனால் ட்ரெயினேஜ் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஆயா மட்டுமில்லை, ஹெச்.எம்.மும் முகத்தைச் சுளிப்பார்.